கிப்பர்: பனிக்காகக் காத்திருக்கும் ஊர்



சென்ற மாதம் நமது வானொலியில், இமயமலைக் கிராமம் ஒன்றில் நடுக்குளிர்காலத்தில் தங்கி வந்ததைப் பற்றிச் சிறிது பேசியிருந்தேன். உரை முடிந்ததும் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தவர்களில் அரைவாசிப்பேர் கேட்டது ஒரே கேள்விதான். "ரொறன்ரோவிலை கிடக்கிற ஸ்நோ காணாதெண்டோ அங்கை போனனீங்கள்?" நியாயமான கேள்வி. மற்ற அரைவாசிப்பேர் கேட்டது, அந்தச் சனங்கள் குளிர்காலத்தில் கீழே இறங்கி வந்து விடலாமே, ஏன் அந்தக் குளிரில் கிடந்து துன்பப்படுகிறார்கள் என்று. இரண்டாவது கேள்விக்கு வானொலியில் ஒழுங்காக விடை சொல்ல நேரம் போதவில்லை. இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

நாங்கள் போனது கிப்பர் என்ற ஊருக்கு. இந்தியாவின் இமாச்சலப் பிரதேசத்தில், திபெத்தின் எல்லையோரமாக ஸ்பிதி என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அதன் தலைமையூர் காஜா. அங்கிருந்து இருபது கிலோமீற்றருக்குள் மலையேறினால் கிப்பர் வரும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,200 மீற்றர் உயரம். அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்குதான். சப்பாத்துக் கயிற்றைக் குனிந்து கட்டி நிமிர்ந்தாலே மூச்சு வாங்கும்.

என் மகள் வனவிலங்குகளைப் படம் எடுப்பவள். பனிச்சிறுத்தையைப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய பல வருடத்து ஆசை. தனியாக விட மனமில்லாமல் நான் துணைக்குப் போனேன். 2024 ஜனவரி கடைசி வாரத்தில் போய்ச் சேர்ந்தோம். குளிர்காலத்தில் மணாலிப் பக்கமிருந்து வரும் குன்சும் கணவாய் மூடிவிடும். ஆகவே சிம்லாவிலிருந்து கின்னோர் வழியாக, சட்லெஜ் ஆற்றையும் பிறகு ஸ்பிதி ஆற்றையும் பிடித்துக்கொண்டு, நானூறு கிலோமீற்றருக்கு மேல் போகவேண்டும். அந்தப் பாதையைப் பற்றி எழுத வெளிக்கிட்டால் இந்த இதழ் முழுவதும் எனக்கே வேண்டியிருக்கும். வழியில் தாபோ என்ற ஊரில், கி.பி. 996ல் கட்டப்பட்ட மண்சுவர் விகாரை ஒன்று இன்றும் வழிபாட்டில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டுக் கடந்து போகிறேன்.

கிப்பரில் இறங்கியபோது எனக்கு முதலில் வந்தது ஏமாற்றம். படங்களில் பார்த்த வெள்ளை உலகம் இல்லை. வீட்டு நிழல்களிலும் மலையின் வடக்குச் சரிவுகளிலும் பழைய பனி திட்டுத்திட்டாகக் கிடந்தது. மற்றதெல்லாம் மண்ணிறம். இரவில் −20 பாகைக்குக் கீழே போகும் குளிர் மட்டும் குறைவில்லாமல் இருந்தது. நாங்கள் தங்கிய வீட்டுக்காரரிடம், பனி இல்லாதது நடமாட வசதிதானே என்று என் உடைந்த ஹிந்தியில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய தாயார், 'அபி' என்று வீட்டில் எல்லோரும் அழைக்கும் மூதாட்டி, யன்னலால் மலையைப் பார்த்தபடி இருந்தார். அடுத்த சில நாட்களில் அந்த ஊரில் யாரைச் சந்தித்தாலும் கதை அங்கேதான் போய் நின்றது. டிசெம்பர் போய்விட்டது, ஜனவரியும் போகப் போகிறது, பனி வரவில்லை. அந்த ஜனவரி இமாச்சலம் முழுவதற்குமே மிக வறண்ட ஜனவரியாக இருந்தது. காஷ்மீரில் குல்மார்க் சறுக்குச் சரிவுகள் பனியில்லாமல் கிடந்த படங்களைச் செய்திகளில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பனி பெய்யவில்லையென்று கவலைப்படும் மனிதர்களை நான் அதுவரை கண்டதில்லை. நம்முடைய ஊரில் பனி என்றால் வாசலைத் துப்புரவாக்க வேண்டிய வேலை, உப்பு லொறி, வழுக்கும் நெடுஞ்சாலை, தாமதமாகும் பஸ். கிப்பரில் பனி என்பது தண்ணீர். வேறு தண்ணீர் அங்கே கிடையாது என்றே சொல்லலாம்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்தியா முழுவதையும் நனைக்கும் தென்மேற்குப் பருவமழை ஸ்பிதிக்குள் வருவதில்லை. தெற்கே நிற்கும் உயர்ந்த மலைத்தொடர்கள் மேகங்களை மறித்து, மழையை மணாலி, தர்மசாலை பக்கத்திலேயே இறக்கி விடுகின்றன. மலைக்குப் பின்னால் இருக்கும் ஸ்பிதி மழைமறைவுப் பிரதேசம், ஒரு குளிர்ப் பாலைவனம். அங்கே ஈரம் வருவது வேறு திசையிலிருந்து. குளிர்காலத்தில் மத்தியதரைக் கடல் பக்கத்தில் உருவாகும் தாழமுக்கங்கள் ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் தாண்டி, உயரத்தில் வீசும் மேலைக்காற்றோடு இமயமலைக்கு வந்து சேரும். இந்திய வானிலைத் துறை இவற்றை 'மேற்கத்திய இடையூறு' என்று சொல்கிறது. பெயர்தான் இடையூறு. ஸ்பிதிக்காரருக்கு அதுதான் உயிர். டிசெம்பர் முதல் மார்ச் வரை இப்படி நாலைந்து நல்ல பனிப்பொழிவு வந்தால் வருடம் தப்பும்.

எப்படித் தப்பும்? ஊருக்கு மேலே உள்ள சரிவுகளில் விழும் பனி அங்கேயே கிடக்கும். ஏப்ரலில் வெயில் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக உருகி ஓடைகளில் இறங்கும். அந்த ஓடைகளிலிருந்து மலைச்சரிவைச் சுற்றி வெட்டிய வாய்க்கால்கள் வயல்களுக்குத் தண்ணீர் கொண்டு வரும். இந்த வாய்க்கால்களைக் 'கூல்' என்கிறார்கள். (நமது குளத்துக்கும் இந்தக் கூலுக்கும் உறவு தேடி யாரும் கடிதம் எழுத வேண்டாம்!) சில வாய்க்கால்கள் பல கிலோமீற்றர் நீளமானவை. இன்ன நாள் இன்னார் வீட்டுக்கு என்று தண்ணீர் முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள். ஊரின் பழைய பெரிய வீடுகளுக்கு முதல் உரிமை, பிறகுதான் மற்றவர்களுக்கு. பனி நன்றாக விழுந்த வருடத்தில் இந்த முறையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பனி குறைந்த வருடத்தில் கடைசி முறைக்காரரின் வயல் காய்ந்துவிடும். வன்னியில் குளத்துக்குக் கீழே வயல் செய்தவர்களுக்கு இதை நான் மேலும் விளக்கத் தேவையில்லை.

வருடத்துக்கு ஒரு போகம்தான். ஏப்ரல், மே மாதங்களில் விதைத்து, ஓகஸ்ட், செப்டெம்பரில் அறுப்பு. முன்பு வாற்கோதுமையும் அந்த ஊருக்கேயுரிய கறுப்புப் பட்டாணியும்தான் விளைந்தன. பிறகு பச்சைப் பட்டாணி வந்தது. சமவெளியில் பட்டாணி முடிந்துவிட்ட கோடைமாதங்களில் இங்கே காய்ப்பதால் நல்ல விலை. இப்போது ஊரின் காசு பெரும்பாலும் அதில்தான். பிள்ளைகளின் சிம்லா, சண்டிகர் படிப்புச் செலவு, கலியாணச் செலவு, வாகனக் கடன் எல்லாம் அந்தப் பட்டாணிக்குள் இருக்கின்றன. அந்தப் பட்டாணி ஜனவரிப் பனிக்குள் இருக்கிறது.

ஜனவரி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. எப்போது விழுந்தாலும் பனி பனிதானே என்று நினைத்திருந்த எனக்கு வீட்டுக்காரர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். கடுங்குளிரில் விழும் பனி இறுகிப் படியும். அதன்மேல் அடுத்த பனி விழுந்து அமுக்கும். அப்படி அடுக்கடுக்காகப் படிந்தது ஜூன் வரையும் தாக்குப் பிடிக்கும். மார்ச் கடைசியில் விழும் பனி ஈரமானது. இரண்டு வாரத்தில் உருகி ஆற்றோடு போய்விடும், விதைத்த பயிர் தண்ணீர் கேட்கும் நேரத்தில் மலையில் ஒன்றும் மிச்சமிராது. இன்னொன்று, அங்கே காற்று மிகவும் உலர்ந்தது, வெயில் கடுமையானது. நிழலில் விறைக்கும்போதே வெயிலில் ஜக்கெற்றைக் கழற்றலாம். அந்த வெயிலும் காற்றும் மெல்லிய பனியை உருக்காமலேயே ஆவியாக்கிவிடும். தரையில் ஒரு சொட்டும் இறங்காது. ஆகவே அடிக்கடி தூவும் கொஞ்சப் பனியைவிட ஒரேயடியாக விழும் கனத்த பனிதான் அவர்களுக்கு வேண்டும்.

கணக்குப் பார்த்தால் பனி ஒரு கஞ்சப் பொருள். பொதுவாகப் பத்துச் சென்ரிமீற்றர் புதுப்பனியை உருக்கினால் ஒரு சென்ரிமீற்றர் தண்ணீர் வரும். கிப்பரின் மா போன்ற உலர்பனியில் அவ்வளவும் வராது. இதை நான் அடுப்படியில் கண்ணால் கண்டேன். பெரிய பானை நிறையப் பனியை அமுக்கி அடுப்பில் வைத்தால் அடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அதை உருக்க எரித்த சாணத்தையும் விறகையும் பார்த்தால் கட்டுப்படியாகாது. மரமே அரிதான ஊர் அது. காஜாவில் அரசு விறகுக் கிடங்கிலிருந்து வாங்கி வருவதும், கோடையில் தட்டிக் காயவைத்த வரட்டியும், மலையில் பிடுங்கிய முட்செடியும்தான் எரிபொருள். அதனால் குடிதண்ணீருக்குப் பனியை உருக்குவதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறார்கள். வீட்டுக் குழாய்களெல்லாம் உறைந்து போயிருக்க, ஊரின் கீழ்ப்பக்கத்தில் ஒரு குழாயை மூடாமல் இரவுபகலாக ஓட விட்டிருக்கிறார்கள். ஓடும் தண்ணீர் இலேசில் உறையாது. பெண்கள் பிளாஸ்ரிக் கலன்களை முதுகில் கட்டிக்கொண்டு, கண்ணாடி போல் உறைந்த சரிவில் அந்தத் தண்ணீரைச் சுமந்து வருகிறார்கள். என் மகளும் ஒரு நாள் ஒரு கலன் சுமந்தாள். ஒரே ஒரு நாள்!

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கட்டிடக்காரராக வேலை செய்யும் நேயர் ஒருவர் விசேடமாகக் கேட்டிருந்தார். தடித்த மண்கல் சுவர், தட்டையான மண்கூரை. கீழ்த்தளத்தில் ஆடுமாடும் கழுதையும், மேலே மனிதர். மிருகங்களின் உடற்சூடு மேலேறி வரும். வாசலும் யன்னல்களும் வெயில் பக்கம் பார்த்தவை. வடக்குப் பக்கம் பெரும்பாலும் மூடிய சுவர். கூரையின் ஓரங்களில் வைக்கோலும் விறகும் வரிசையாக அடுக்கியிருப்பார்கள். குளிர்காலம் தொடங்கியதும் குடும்பம் முழுவதும் ஒரே அறைக்குள் வந்துவிடும். நடுவில் தகர அடுப்பு, அதைத் 'தந்தூர்' என்கிறார்கள். சமைப்பதும் அதில், குளிர்காய்வதும் அதில். புகைபோக்கி கூரையால் வெளியே போகிறது. அந்த அறையில் உப்பும் வெண்ணெயும் போட்ட தேத்தண்ணீர் ஓயாது. வறுத்த வாற்கோதுமை மாவை அதில் குழைத்துச் சாப்பிடுவதும், துக்பா என்ற கஞ்சி போன்ற நூடில்ஸும்தான் சாப்பாடு. அபி கம்பளி நூல் நூற்றுக்கொண்டே பேசுவார். அவர் பேசியது எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, நான் பேசியது அவருக்கும் விளங்கவில்லை. ஆனாலும் தினமும் நெடுநேரம் கதைத்துக் கொண்டிருந்தோம்.

கழிப்பறை உலர் கழிப்பறை. மேல்மாடி அறையில் தரையில் ஒரு துவாரம், பக்கத்தில் மண்குவியல், ஒரு மண்வெட்டி. போனபின் மண்ணைத் தள்ளி விடவேண்டும். கீழே சேர்வது வசந்தத்தில் வயலுக்கு எருவாகும். தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம், மணமும் இல்லை. இதைக் கேவலமாக நினைத்துச் சுற்றுலாப் பயணிகள் முகம் சுளிப்பதால், தண்ணீர் ஊற்றும் கழிப்பறை கட்டவேண்டிய நெருக்கடி அந்தப் பள்ளத்தாக்கின் விடுதிக்காரர்களுக்கு இருக்கிறது. பனியை எண்ணிப் பார்த்துக் குடிக்கும் ஊரில் இது சரியான அநியாயம் என்பது என் அபிப்பிராயம். எருவும் போய், தண்ணீரும் போகும்.

சரி, பனி வந்ததா?

வந்தது. ஜனவரி 31ந் திகதி பகலிலேயே காற்று நின்று, வானம் சாம்பல் பூத்து இறங்கிவிட்டது. இரவு நாங்கள் படுக்கப் போகும்போது தொடங்கியது. அடுத்த நாள் காலை கதவைத் திறக்க வீட்டுக்காரர் தோளால் தள்ள வேண்டியிருந்தது. மின்சாரம் போய்விட்டது, தொலைபேசிச் சமிக்ஞையும் போய்விட்டது, காஜாவுக்கு இறங்கும் பாதை மூடியாயிற்று. இமாச்சலம் முழுவதுமே அந்த நாட்களில் நூற்றுக்கணக்கான வீதிகள் அடைபட்டிருந்தன. திரும்பும் விமானம் என்ன ஆகும் என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, வெளியே சிரிப்புச் சத்தம். ஏறிப் பார்த்தால் ஊர் முழுவதும் கூரைகளில் நிற்கிறது. மண்கூரை ஈரத்தைத் தாங்காது, பனி உருகமுன் தள்ளிவிட வேண்டும். அகலமான மரத் தட்டுகளால் கிழவர், குமரிகள், சிறுவர் எல்லோரும் தள்ளுகிறார்கள். ஒரு கூரைக்காரர் மற்றக் கூரைக்காரருக்கு ஏதோ பகிடி சொல்கிறார். நான் ரொறன்ரோவில் முப்பது வருடம் பனி தள்ளியிருக்கிறேன், முணுமுணுக்காமல் தள்ளிய நாள் ஒன்று நினைவில்லை. அன்றைக்கு எனக்கும் ஒரு தட்டுத் தந்தார்கள். பத்துத் தள்ளுக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு நானும் தள்ளினேன். அபி கீழே வாசலில் நின்று இரு கைகளையும் குவித்து மலையைக் கும்பிட்டார்.

அந்தக் கூரைகள் தாங்கமாட்டாத இன்னொன்று மழை. 2023 ஜூலையில் இமாச்சலத்தைப் பெருமழை தாக்கியபோது, ஸ்பிதியின் மேற்பகுதியில் சந்திரதால் ஏரிக்கரையில் பருவம் தப்பிய பனியால் முந்நூறு பேரளவில் சுற்றுலாப் பயணிகள் பல நாட்கள் அகப்பட்டிருந்தார்கள். அந்த ஜூலையில் வீட்டுக்குள் ஒழுகிய கதையைக் கிப்பரிலும் சொன்னார்கள். வேண்டிய மாதத்தில் பனி இல்லை, வேண்டாத மாதத்தில் மழை. பூமி சூடாவதைப் பற்றி நாம் இங்கே கூட்டம் வைத்துப் பேசுகிறோம். அவர்கள் கூரைக்கு மண் அரைக்கும்போது பேசுகிறார்கள்.

பக்கத்து லடாக்கில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். செவாங் நொர்பெல் என்ற பொறியியலாளர் குளிர்காலத்தில் வீணே ஓடும் ஓடைநீரை நிழலான சரிவுகளில் தேக்கி உறையவைத்துச் செயற்கைப் பனியாறுகளை உண்டாக்கினார். பின்னர் சோனம் வாங்சுக் என்பவர் அதே நீரைக் குழாயால் இறக்கி, மேல்நோக்கிப் பீச்சி, தூபி வடிவில் உறையவைத்தார். கூம்பு வடிவத்தில் வெயில் படும் பரப்புக் குறைவு என்பதால் அது மெதுவாக உருகும். நல்ல உபாயம்தான். ஆனாலும் உறையவைப்பதற்கு முதலில் ஓடையில் தண்ணீர் ஓடவேண்டும்.

பனிச்சிறுத்தையைக் கண்டீர்களா என்று கேட்பீர்கள். கண்டோம். பனி விழுந்த மூன்றாம் நாள், எதிர்ப்பள்ளத்தின் பாறையில் ஒரு சாம்பல் கல் வாலை அசைத்தது. அவ்வளவுதான் என் கண்ணுக்கு. மகள் தொலைநோக்கியில் நெடுநேரம் பார்த்து அழுதாள். குளிர்காலத்தில் நீலஆடுகள் மேய்ச்சல் தேடிக் கீழே இறங்க, அவற்றைத் தொடர்ந்து சிறுத்தையும் ஊரோரம் வரும். அதனால்தான் படம் எடுப்பவர்கள் இந்த மாதங்களில் போகிறார்கள். நாங்கள் அங்கே இருந்தபோதுதான், ஜனவரி 30ந் திகதி, இந்தியா முழுவதும் 718 பனிச்சிறுத்தைகள் இருப்பதாக அரசின் மதிப்பீடு வெளியானது. ஊர்க்காரரின் குட்டிக் குதிரையையும் ஆட்டையும் அது கொல்வதுண்டு. 2002ல் கிப்பரில் கால்நடைக் காப்புறுதித் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஊரவரே பணம் கட்டி, ஊரவரே நடத்தி, இழந்தவருக்கு ஈடு கொடுக்கிறார்கள். முன்பு நஞ்சோடும் கல்லோடும் பார்த்த மிருகத்தை இப்போது விருந்தாளிக்குக் காட்டி உழைக்கிறார்கள். பட்டாணி பொய்த்தால் இந்த வருமானமாவது இருக்கும் என்று இளைஞர்கள் சொன்னார்கள்.

குளிர்காலத்தில் கீழே போய்விடலாமே என்ற கேள்விக்கு வருகிறேன். போகிறவர்கள் போகிறார்கள். பேறுகாலப் பெண்கள், நோயாளிகள், படிக்கும் பிள்ளைகளோடு தாய்மார் எனப் பலர் முன்கூட்டியே இறங்கிவிடுகிறார்கள். ஆனால் எல்லோரும் போனால் கீழ்த்தளத்து மிருகங்களுக்கு யார் தீனி போடுவது? கூரைப் பனியை யார் தள்ளுவது? ஒரு குளிர்காலம் தள்ளாமல் விட்ட மண்கூரை அடுத்த கோடையில் இருக்காது. அபிக்குக் காஜாவில் பேரன் வீடு இருக்கிறது. போக மறுத்துவிட்டார்.

பாதை திறக்க ஒரு வாரத்துக்கு மேல் சென்றது. பயணச்சீட்டை இரண்டு தரம் மாற்றி ஒருவாறு வந்து சேர்ந்தோம். மே மாதத்தில் வீட்டுக்காரரின் மகன் வட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தான். பெப்ரவரி, மார்ச்சிலும் பனி விழுந்ததாம், மேல்வயலுக்கும் பட்டாணி விதைத்தாயிற்றாம். ஜூன் கடைசி வரை ஓடை ஓடினால் போதும் என்றான்.

போக விரும்பும் நேயர்களுக்குச் சில விடயங்கள். கனடியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் கின்னோர் - ஸ்பிதிப் பாதையில் எல்லையோரப் பகுதிக்கு அனுமதிப் பத்திரம் எடுக்க வேண்டும். நாங்கள் ரெக்கொங் பியோவில் எடுத்தோம். இந்தப் பாதை மெல்ல மெல்ல உயர்வதால் உடம்பு பழகிக்கொள்ளும். ஆனாலும் வழியில் இரண்டு மூன்று இரவாவது தங்கிப் போங்கள். இருதய, சுவாச நோய் உள்ளவர்கள் குடும்ப வைத்தியரைக் கேளாமல் போகவே வேண்டாம். திரும்பும் திகதிக்குப் பின்னால் ஒரு வாரமாவது கையில் வைத்திருங்கள். நம்முடைய குளிர்காலச் சப்பாத்தும் ஜக்கெற்றும் அங்கே போதும், ஆனால் இரவுக்குத் தடித்த கம்பளிக் காலுறை இரண்டு சோடி கூடுதலாக வேண்டும். குளிக்க வெந்நீர் கேட்காதீர்கள். கேட்டால் மறுக்காமல் தருவார்கள், அதை யார் முதுகில் சுமந்து வந்தார்கள் என்று மேலே எழுதியிருக்கிறேன். செலவுக்கு ரூபாய்த் தாளாகவே கொண்டு போங்கள். காஜாவுக்கு மேலே காசு இயந்திரத்தை நம்பிப் போக முடியாது.